நாய்க்கு கார்ன் ஃப்ளேக்ஸ் கொடுக்கலாமா?

நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சாப்பாட்டில் வந்து நிற்கும். உங்க வீட்டில் என்ன போடறீங்க, எங்க வீட்டில் தயிர் சாதம்தான், இவனுக்குச் சிக்கன் இல்லாமல் இறங்காது என்று போகும் அந்தப் பேச்சில் இப்போதெல்லாம் இந்தக் கேள்வியும் அடிக்கடி வருகிறது: "காலையில பிள்ளைங்க கார்ன் ஃப்ளேக்ஸ் சாப்பிடும்போது இதுவும் பக்கத்துல வந்து நிக்குது. கொஞ்சம் போடலாமா?"

முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் சேர்க்காத வெறும் கார்ன் ஃப்ளேக்ஸை, ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு எப்போதாவது நாலைந்து துண்டு போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் காலை உணவு என்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் எல்லாப் பாக்கெட்டுக்கும் இந்தப் பதில் பொருந்தாது. அதே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சில பாக்கெட்டுகள் நாயை மருத்துவமனை வரை கொண்டுபோய்விடும். எது அப்படிப்பட்டது, ஏன் என்பதை வீட்டில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தானியம் நாய்க்கு ஆகாதா?

நாய் ஓநாயின் வழிவந்தது, கறி மட்டும்தான் அதற்கு உணவு, தானியமே கூடாது என்று சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். இதில் பாதிதான் உண்மை. ஓநாய் வழிவந்ததுதான். ஆனால் மனிதரோடு வாழத் தொடங்கிய பிறகு அதன் வயிறும் மாறியது. 2013ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணுவின் 2 பிரதிகள்தான் ஓநாய்க்கு இருந்தன. நாய்களுக்கோ 4 முதல் 30 வரை இருந்தன. மனிதன் பயிர் செய்து சாப்பிடத் தொடங்கியபோது அவன் போட்ட மிச்சத்தைத் தின்றே நாயும் தானியத்துக்குப் பழகியது என்பதற்கு இது நல்ல சான்று.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆய்வு தேவைகூட இல்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் கேழ்வரகுக் கூழும் கம்பங்கஞ்சியும் குடித்து வளர்ந்த நாய்கள்தான். எங்கள் வீட்டுக் கருப்பனும் நாட்டு நாய். முட்டையோ கோழியோ சேர்த்துப் பிசைந்த சோறுதான் அவனுக்கு இரண்டு வேளையும். நன்றாக வெந்த தானியம் நாய்க்குச் செரிக்கும்.

தானியத்தை அடியோடு ஒதுக்கியதால் பிரச்சினை வந்ததா என்று ஆராய வேண்டிய நிலையும் ஏற்பட்டிருக்கிறது. 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, தானியமில்லாமல் பட்டாணி, பருப்பு வகை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை அதிகம் சேர்த்துச் செய்த நாய் உணவுகளுக்கும், இதயத் தசை தளர்ந்து வீங்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கியது. தொடர்பு உறுதியாகவில்லை. ஆனாலும் தானியத்தை எடுத்துவிட்டாலே நாய்க்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது.

ஆகவே கார்ன் ஃப்ளேக்ஸில் இருக்கும் மக்காச்சோளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அதோடு சேர்த்துப் போட்டிருப்பது என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

வெறும் கார்ன் ஃப்ளேக்ஸ் எவ்வளவு போடலாம்?

100 கிராம் கார்ன் ஃப்ளேக்ஸில் ஏறக்குறைய 375 கலோரி இருக்கிறது. புரதம் குறைவு. சர்க்கரையும் உப்பும் ஓரளவு சேர்ந்தே வரும். மேலே தெளித்திருக்கும் வைட்டமினும் இரும்புச்சத்தும் மனிதரின் தேவையைக் கணக்கிட்டுச் சேர்த்தவை. நாய்க்கு இதனால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு.

வழக்கமான சாப்பாட்டுக்கு வெளியே கொடுக்கும் தீனி ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு 600 கலோரி சுமாராகப் போதும். அதில் பத்து சதவீதம் 60 கலோரி. கார்ன் ஃப்ளேக்ஸ் கணக்கில் அது 16 கிராம், அதாவது நாம் ஒரு வேளைக்குக் கிண்ணத்தில் போட்டுக்கொள்வதில் பாதி. 4 கிலோ பொமரேனியனுக்கு அதிலும் பாதிதான். இது உச்ச வரம்பு, தினமும் கொடுக்கச் சொல்லும் அளவு இல்லை. வேறு பிஸ்கட்டோ ரொட்டியோ போட்டிருந்தால் அந்தக் கணக்கும் இதற்குள் வந்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ள நாய், கணைய அழற்சி வந்து தேறிய நாய், ஏற்கெனவே குண்டாக இருக்கும் நாய் ஆகியவற்றுக்கு இதுவும் வேண்டாம். சர்க்கரைப் பாகோ தேனோ பூசிய வகைகள் எந்த நாய்க்குமே வேண்டாம். தவிட்டு வகைகளில் நார்ச்சத்து அதிகம், நிறையத் தின்றால் வயிறு உப்பி, கழிச்சல் வரும்.

பால் ஊற்றித் தருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குட்டியாக இருக்கும்போது பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி நிறையச் சுரக்கும். வளர வளரப் பல நாய்களுக்கு அது குறைந்துவிடும். பிள்ளைகள் மிச்சம் வைத்த கிண்ணத்தை அப்படியே கீழே வைக்கும் வீடுகளில் நாய்க்கு ஏன் அடிக்கடி பேதியாகிறது என்று தெரியாமல் குழம்புவார்கள். பல நேரம் காரணம் அந்தப் பால்தான். தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் பல நாய்களுக்கு அது ஒத்துக்கொள்கிறது.

மியூஸ்லி பக்கமே போக வேண்டாம்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். உலர் திராட்சை நாய்க்கு விஷம். பச்சைத் திராட்சை, கருப்புத் திராட்சை, விதையுள்ளது, விதையில்லாதது எல்லாமே அப்படித்தான். உலரும்போது சாறு வற்றிச் சத்தெல்லாம் செறிந்துவிடுவதால் கிஸ்மிஸில் ஆபத்து இன்னும் கூடுதல். மியூஸ்லியிலும், பழமும் கொட்டைகளும் கலந்த தானியப் பாக்கெட்டுகளிலும் கிஸ்மிஸ் இல்லாதது அபூர்வம்.

திராட்சை தின்ற நாய் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வாந்தி எடுக்கும். சோர்ந்து படுக்கும், சாப்பாட்டைத் தொடாது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கும். சிறுநீர் குறையும், பிறகு அடியோடு நின்றும் போகலாம். அந்த நிலைக்குப் போன நாயைக் காப்பாற்றுவது மிகவும் கடினம். இத்தனை பழம் வரை பரவாயில்லை என்று சொல்லவும் முடியாது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பிக்கிறது, இன்னொன்று சில பழங்களிலேயே விழுந்துவிடுகிறது.

ஏன் இப்படி என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. அதற்கு வழிகாட்டியது திராட்சைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சம்பவம். அமெரிக்காவில் ஏஎஸ்பிசிஏ அமைப்பின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்துக்கு, பிள்ளைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற நாய் ஒன்றைப் பற்றித் தகவல் வந்தது. அந்த மாவில் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற பொடி சேர்த்திருந்தார்கள். திராட்சை விஷத்தில் காணும் அதே சிறுநீரகப் பாதிப்பு அந்த நாய்க்கும் இருந்தது. இரண்டுக்கும் பொதுவானது டார்டாரிக் அமிலம். திராட்சையின் விஷம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த மையத்தின் மருத்துவர்கள் 2021ல் எழுதினார்கள். பழத்தின் வகையையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்து இந்த அமிலத்தின் அளவு மாறுகிறது. ஒரு நாய் தப்பிப்பதும் இன்னொன்று தப்பாததும் இதனாலாக இருக்கலாம்.

இதன் தொடர்ச்சியாக 2022ல் வந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிரீம் ஆஃப் டார்ட்டரோடு அதில் பேசப்பட்ட இன்னொரு பொருள் புளி. நம் சமையலறையின் அதே புளிதான். புளியிலும் டார்டாரிக் அமிலம்தான் அதிகம். புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களை அந்தக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. குழம்பு சாதம் தின்ற நாய் எல்லாம் செத்துப்போகும் என்று நான் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக ரசச் சோறு தின்ற நாய்கள் நம் தெருவெங்கும் இருக்கின்றன. ஆனால் புளி உருண்டையை நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். புளிக்காய்ச்சலும் புளியோதரையும் அதன் தட்டுக்குப் போக வேண்டாம்.

கிஸ்மிஸ் மியூஸ்லியோடு நின்றுவிடுவதும் இல்லை. சர்க்கரைப் பொங்கல், பாயசம், கேசரி, பஞ்சாமிர்தம் எல்லாவற்றிலும் இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்குக் கருப்பன் மேல் கொள்ளைப் பிரியம். விசேஷ நாள் என்றால் அவனுக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்துவிடுவார்.

"ஒரு கரண்டி பாயசத்துல என்ன தம்பி ஆயிடப் போகுது? வாயில்லா ஜீவன், ஆசையாப் பாக்குதே."

"பாயசத்துல திராட்சை கிடக்குதுக்கா. அது இவனுக்குக் கிட்னிய வாங்கிடும். வடிச்ச சோறு ஒரு பிடி வைங்க, அதே ஆசையோட சாப்பிடுவான்."

அக்கா அன்றிலிருந்து அவனுக்கென்று சோறு தனியாக எடுத்து வைக்கிறார். அன்பாகப் போடுகிறவர்களிடம் காரணத்தைச் சொன்னால் போதும், கேட்டுக்கொள்வார்கள். போடாதீர்கள் என்று மட்டும் சொன்னால்தான் மனம் வருந்துவார்கள்.

சாக்லேட் சேர்ந்த வகைகள்

பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான், கீழே அதிகம் சிந்துவதும் இதுதான். கோகோவில் தியோப்ரோமின் என்று ஒன்று இருக்கிறது. நம் உடல் அதை வேகமாகக் கரைத்துவிடும். நாயின் உடலிலோ பாதி குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை அது இதயத்தையும் நரம்பையும் தூண்டிக்கொண்டே இருக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, பேதி, அமைதியின்மை தொடங்கும். 40, 50 மில்லிகிராமில் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60ஐத் தொட்டால் வலிப்பு வரலாம்.

பால் சாக்லேட்டைவிடக் கோகோ பவுடரில் தியோப்ரோமின் ஏறக்குறைய பத்து மடங்கு இருக்கும். சாக்லேட் தானிய வகைகளில் கோகோ பவுடரைக் கொஞ்சமாகத்தான் சேர்க்கிறார்கள். அதனால் தரையில் விழுந்த ஒன்றிரண்டு உருண்டையை 30 கிலோ லேப்ரடார் நக்கிவிட்டது என்றால் பதற வேண்டாம், கவனித்தால் போதும். அதே பாக்கெட்டை 4 கிலோ பொமரேனியன் கிழித்து முழுதாகத் தின்றிருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாக்லேட் துண்டுகளே கலந்த வகை என்றால் நாய் பெரிதோ சிறிதோ, உடனே கூப்பிடுங்கள்.

சர்க்கரை சேர்க்காதது என்ற நம்பிக்கை

சர்க்கரை கெடுதல் என்று சர்க்கரை சேர்க்காத பாக்கெட்டாகப் பார்த்து நாய்க்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சைலிடால் என்றோ ஐஎன்எஸ் 967 என்றோ இருந்தால் அது நாய் இருக்கும் வீட்டுக்கே வேண்டாம். சூயிங்கம், மிட்டாய், சில வேர்க்கடலை வெண்ணெய் வகைகளிலும் இது இருக்கும்.

சைலிடால் மனிதரிடம் இன்சுலினைப் பெரிதாகத் தூண்டுவதில்லை. நாயின் உடலோ அதை நிஜச் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டிவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நாய் தள்ளாடும், விழும், வலிப்பு வரும். கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இது நடக்கலாம். கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலே அழியும் அபாயம் உண்டு.

மசாலா ஓட்ஸ்

தண்ணீரில் வேகவைத்த வெறும் ஓட்ஸ் நாய்க்குக் கொடுக்கலாம், கார்ன் ஃப்ளேக்ஸைவிட நல்லதும்கூட. மசாலா ஓட்ஸ் கொடுக்கக் கூடாது. அதில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் இருக்கும். வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஒரே நேரத்தில் நாயின் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் உள்ளே போனால் பாதிப்பு தெரியத் தொடங்கும் என்கிறார்கள். 4 கிலோ நாய்க்கு அது 20 கிராம்தான், சில சின்ன வெங்காயங்கள். பொடியில் அது இன்னும் செறிவாக இருக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் விஷம் போகாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகப் போகும்போதுதான் தெரியும். உப்புமாவும் சாம்பாரும் நாய்க்கு வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம்.

குட்டிகளுக்குக் குழந்தை உணவா?

தாயில்லாத குட்டியைத் தெருவிலிருந்து எடுத்து வந்தவுடன் நம்மில் பலர் வாங்குவது கைக்குழந்தைகளுக்கான செரலாக் மாதிரியான தானியப் பொடி. நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் மனிதக் குழந்தை பிறந்த எடையை இரண்டு மடங்காக்க நாலைந்து மாதம் எடுத்துக்கொள்கிறது. நாய்க்குட்டியோ ஒன்றரை வாரத்துக்குள் அதைச் செய்துவிடுகிறது. அந்த வேகத்துக்கு ஏற்றபடி நாய்ப்பாலில் புரதம் 7 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. பசும்பாலில் 3 சதவீதம்தான். நம் குழந்தையின் வளர்ச்சிக்கென்று அளந்து செய்த பொடி, குட்டியின் தசைக்கும் எலும்புக்கும் எப்படிப் போதும்? ஒரு வேளை, இரண்டு வேளை சமாளிக்கலாம். அதையே வாரக்கணக்கில் கொடுக்கக் கூடாது. நாய்க்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறது. மூன்று, நாலு வாரத்துக்குப் பிறகு குட்டிகளுக்கான உணவைக் கரைத்துக் கொடுக்கலாம்.

நமுத்துப்போன பாக்கெட்டும் காலி உறையும்

வீட்டில் நமுத்துப்போனதையும் காலாவதியானதையும் தெருநாய்க்குப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் உண்டாகும், அது நாயின் கல்லீரலைத் தாக்கும். 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் அமெரிக்காவில் இந்த நச்சு கலந்த நாய் உணவைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக எஃப்டிஏவுக்குத் தகவல் வந்தது. நாம் தின்னத் தயங்குவது தெருநாய்க்கும் ஆகாது.

உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பற்றியும் பலருக்குத் தெரிவதில்லை. அடியில் ஒட்டியிருக்கும் தூளுக்காக நாய் தலையை உள்ளே விடும். மூச்சை இழுக்க இழுக்க உறை முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். முன்னங்காலால் கழற்றத் தெரியாது. சில நிமிடத்தில் உயிர் போய்விடும். காலி உறையை இரண்டாகக் கிழித்து, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன: மருத்துவர் கேட்கப் போவது இந்த நாலும்தான். பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். கிஸ்மிஸ், சாக்லேட் துண்டு, சைலிடால் என்றால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க வாய்ப்பு உண்டு. திராட்சை என்றால் சிறுநீரகத்தைக் காக்க இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றவும் சொல்வார்கள். வீட்டில் உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது மிகவும் ஆபத்து. உப்பு ரத்தத்தில் ஏறி அதுவே நாயைக் கொன்றுவிடும்.

அப்படியானால் காலையில் என்ன போடுவது?

நாம் சாப்பிடும்போது அது பக்கத்தில் வந்து நிற்கத்தான் செய்யும். வெறும் இட்லித் துண்டு, வேகவைத்த முட்டை, கேரட், பூசணி, உப்பில்லாத கேழ்வரகுக் கஞ்சி, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி என்று நம் வீட்டிலேயே எவ்வளவோ இருக்கிறது. சட்னியும் சாம்பாரும் மட்டும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். கார்ன் ஃப்ளேக்ஸைவிட இவை விலையும் குறைவு, சத்தும் அதிகம்.

இன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள். அலமாரியில் இருக்கும் காலை உணவுப் பாக்கெட்டுகளைத் திருப்பி, சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ளது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம், ஆனால் நாய்க்கு ஆகாதது பெரும்பாலும் கடைசி வரிகளில்தான் இருக்கும். அதனால் முழுதும் படியுங்கள். அடுத்து, திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிடால் ஆகிய நாலும் நாய்க்கு ஆகாது என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும் காரணத்தோடு சொல்லிவையுங்கள். கடைசியாக, உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று விசாரித்து, அதன் எண்ணைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.